நாட்டமின்றிக் கண்டது

வியாழக்கிழமை வந்தால் எங்கள் துறையில் மொச்சை உரிப்போம். திரைப்பட ஆய்வுத் துறையில் மொச்சைக்கு என்ன வேலை என்று அப்பா இன்றைக்கும் கேட்பார். சாட்சி இருக்கையில் உட்காரப் போகிறவர் அதற்கு முன் அரைக் கூடையாவது உரித்தாக வேண்டும் என்பது விதி. உரிக்க உரிக்க மனசு சப்பென்று ஆகிவிடும். அந்தச் சப்பென்ற மனசுதான் எங்களுக்கு வேண்டும். உரித்தது எல்லாம் விடுதிச் சமையலுக்குப் போகும். வியாழன் இரவு மொச்சைக் குழம்பு, வெள்ளி காலை மொச்சைச் சுண்டல். இதைத் தொடர்ந்து தின்றவர்களுக்கு உலகத்தில் எதன் மேலும் ஆசை வராது என்பது விடுதியில் உலவும் பேச்சு.

அன்றைக்கு எனக்கு எதிரில் இன்னாசி உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தான். முதுகலை சேர்ந்ததும் குலுக்கல் போட்டுச் சாட்சிகளைப் பிரிப்பார்கள். எனக்கு அவன், அவனுக்கு நான். என் ஆய்வுக்கான படங்களை அவன் பார்த்துச் சொல்வான், அவனுடையதை நான் பார்த்துச் சொல்வேன். யார் எதைத் தேடுகிறோம் என்று ஒருவருக்கொருவர் மூச்சு விடக் கூடாது.

"நேத்து வீட்ல படம் போட்டாங்க," என்றான். "சந்தைக் காட்சில எங்க சித்தப்பா நின்னு வெங்காயம் பேரம் பேசிட்டிருந்தாரு. செத்து நாலு வருஷமாச்சு. இன்னும் பேரம் படியல."

"எனக்கு எதிர்வீட்டு நாய் வந்துச்சு. லாரில அடிபட்டதே, அது. கோர்ட் காட்சில நடுவுல படுத்திருக்கு, ஜட்ஜ் தாண்டிப் போறாரு."

அவன் சிரித்தான். எங்கள் தலைமுறைக்கு இது மழை, வெயில் மாதிரியான பேச்சு.

நான் பள்ளியில் சேர்ந்த வருடம்தான் படங்கள் எல்லாம் இசைவுக்கு மாறின. இத்தனை பிம்பங்களைச் சேமிக்க இடமில்லை என்று ஒவ்வொரு படத்தின் சாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தார்கள். பார்க்க உட்காருகிறவரின் கண்ணையும் நாடியையும் இசைவி என்ற பொறி படிக்கும். அவர் மனசுக்கு ஏற்றபடி படத்தை அந்த இடத்திலேயே உருவாக்கும். பத்துப் பேர் பார்த்தால் ஒரே திரையில் பத்துப் படம். ஆரம்பத்தில் வில்லனுக்கு ஒரு அறை கூடுதல், பாட்டுக்கு ஒரு சரணம் கூடுதல், அவ்வளவுதான். பிறகு இசைவி ஒன்றைக் கண்டுபிடித்தது. கூட்டக் காட்சி வந்தால் மனிதர்கள் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறார்கள். அதனால் அவரவர் இறந்தவர்களைக் கொண்டுவந்து கூட்டத்தில் நிறுத்தியது. ஒருவரும் புகார் செய்யவில்லை. தியேட்டர்கள் நிரம்பி வழிந்தன.

எங்களைப் போன்ற ஆய்வு மாணவர்களுக்குத்தான் தலைவலி. தேடுகிறவருக்குத் தேடியது கிடைத்துவிடும் என்றால் எதை ஆதாரம் என்று காட்டுவது? அதற்காக வந்தவர்தான் அறியாச் சாட்சி. எதையும் எதிர்பார்க்காத ஒருவர் பார்த்தால், இசைந்து போக ஒன்றும் கிடைக்காமல் இசைவி சாரத்தின் அடியில் தங்கியிருக்கும் அடிப்படிவை அப்படியே காட்டும். ஆதியில் கேமரா பிடித்ததில் மிஞ்சியிருப்பது அதுதான். சாட்சி பார்க்கும்போது ஆசை கலந்தால் வாசல் விளக்கு சிவக்கும். அதற்கு நாட்டக்கறை என்று பெயர். வீட்டிலோ தியேட்டரிலோ யார் ஆசையோடு பார்த்தாலும் அந்தக் கறை அடிப்படிவைக் கொஞ்சம் தேய்க்கும். விளக்கு வெள்ளையாகவே இருந்தால் குறிப்புதவிப் பட்டியலில் படத்தின் பெயர், காட்சி, சாட்சியின் பெயர் எழுதி, கடைசியில் 'நாட்டமின்றிக் கண்டது' என்று சேர்க்கலாம். அந்த இரண்டு சொல் இல்லாத மேற்கோளை எங்கள் வழிகாட்டி ஹமீதா மேடம் கையால்கூடத் தொடமாட்டார்.

என் தலைப்பு, கூலிக்குக் கூட்டத்தில் நின்றவர்கள். 'மழைக்கால அட்டவணை' என்ற படத்தின் ரயில் நிலையக் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தேன். ஏன் அந்தப் படம் என்று மேடம் கேட்டபோது, கூட்டம் பெரியது என்று சொல்லித் தப்பித்தேன். என் அம்மா மரகதம் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறாள். அப்படித்தான் அவள் சொன்னாள்.

"தண்ணிக் கொழாய்ப் பக்கத்துல நின்னேன், ஒன்ன இடுப்புல வெச்சுக்கிட்டு. அழுவவே இல்லடி நீ. சிரிச்சுக்கிட்டே இருந்த. டைரக்டரே வந்து ஒன் கன்னத்தக் கிள்ளிட்டுப் போனாரு." எனக்குச் சோறு ஊட்டும்போது அவள் சொல்லும் கதை இது. நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அவள் இறந்துபோனாள். கைக்குழந்தையோடு எவன் கூட்டத்தில் நிற்க விடுவான், சும்மா விட்ட கதை என்பார் அப்பா.

படம் எல்லார் வீட்டிலும் ஓடும்போது நானே போட்டுப் பார்த்துவிடக் கூடாதா என்று தோன்றலாம். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். குழாய்ப் பக்கம் அம்மா நின்றாள். மறுநாள் வேறு படம் போட்டேன், அதிலும் நின்றாள். புராணப் படத்தில் அரசவையில் நின்றாள். எல்லாவற்றிலும் நிற்கிறவள் ஒன்றிலாவது உண்மையில் நின்றாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதைவிடக் கொடுமை, கைபேசி ஆல்பத்துக்குள்ளும் இசைவி புகுந்திருந்தது. வருடத்துக்கு வருடம் அம்மா படங்களில் அழகாகிக்கொண்டே போனாள். களைப்பு போய்விட்டது, கண்ணுக்குக் கீழே கருப்பு போய்விட்டது. ஒரு நாள் அவள் நிஜ முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன், வரவில்லை. ஆல்பத்து முகம்தான் வந்தது. அன்றைக்கு நான் பட்ட பயத்தை யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஒரு காட்சியின் அடிப்படிவில்தான் என் அம்மாவின் முகம் மிச்சம் இருக்க முடியும்.

இன்னாசி மொச்சைக் கூடையை நகர்த்திவிட்டு உள்ளே போனான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். படம் பாதி தாண்டியிருக்கும், வாசல் விளக்கு ரோஜா நிறமாகி, பிறகு நன்றாகச் சிவந்தது.

அவன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். மேடத்தின் முன் உட்கார்ந்து சாட்சியும் சொன்னான். "ஸ்டேஷன் காட்சில முன்வரிசைல ஒரு அம்மா நின்னாங்க மேடம். அப்படியே நம்ம பூங்கோதை மாதிரி. என்னப் பாத்துச் சிரிச்சாங்க."

அவன் என் அம்மாவைப் பார்த்ததே இல்லை. அவனுக்குள் இருந்த என் முகத்தை எடுத்து வயது கூட்டிக் காட்டியிருக்கிறது இசைவி. தாழ்வாரத்தில் அவனை நிறுத்தினேன்.

"என்னத்த நெனச்சுட்டுப் பாத்த நீ?"

"ஒண்ணும் நெனைக்கல. நீ எதத் தேடுறன்னே எனக்குத் தெரியாது."

"அப்புறம் ஏன் செவந்துச்சு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எதுவா இருந்தாலும் ஒனக்குக் கெடைச்சாத் தேவலன்னு இருந்துச்சு. அவ்ளோதான்."

நல்லவனாக இருந்ததற்காக ஒருவனை நான் அவ்வளவு திட்டியிருக்கக் கூடாது. ஆனால் திட்டினேன். எனக்கு அழுகை வந்தது, அதை அவன் பார்க்கக் கூடாது என்பதற்காக இன்னும் திட்டினேன்.

மேடம் அடிப்படிவின் நிலையைச் சோதித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஜனங்க நெறைய பாத்த படம்மா இது. ஏற்கனவே தேஞ்சு கெடக்கு. இன்னொரு கறை பட்டா உள்ள ஒண்ணும் மிஞ்சாது. வேணும்னா இன்னாசி சொன்னத அடிக்குறிப்புல, கறைபட்டதுன்னு எழுதி வெச்சுக்க. தேர்வுக் குழு ஒத்துக்கும்."

ஆசையாகத்தான் இருந்தது. என்னைப் போலவே இருக்கிற ஒரு அம்மா, முன்வரிசையில், சிரித்தபடி. எந்தத் தேர்வுக் குழுவும் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் அவள் யார்?

கோமதி அக்காவிடம் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, எனக்கு ஒரு வருடம் மூத்தவள். எங்கள் துறையின் மிகச் சிறந்த சாட்சி. காரணம், அவளுக்குச் சினிமாவே பிடிக்காது. வேறு துறையில் இடம் கிடைக்காமல் இங்கே வந்து விழுந்தவள். அவள் உட்கார்ந்து ஒரு தடவைகூட விளக்கு நிறம் மாறியதில்லை. அவளுக்கு மட்டும் மொச்சையிலிருந்து விலக்கு உண்டு. எல்லாருக்கும் சாட்சி சொல்லி ஓய்ந்துபோய், இனி முடியாது என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நீளமா படம்?" என்றாள்.

"ரெண்டே கால் மணி நேரம்க்கா."

"சீ." என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏன் மூஞ்ச இப்படி வச்சிருக்க?" என்றாள். உடனே கையை நீட்டித் தடுத்தாள். "சொல்லாத. சொல்லாத. எனக்கு வேண்டாம். வாரேன், போ."

அவள் உள்ளே இருந்த நேரம் முழுக்க நான் விளக்கைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆசை கதவு வழியாகக் கசிந்துவிடுமோ என்று பைத்தியக்காரத்தனமாகப் பயந்தேன். கதவு திறந்தபோது விளக்கு வெள்ளையாகவே இருந்தது. அக்கா கொட்டாவி விட்டபடி மேடத்தின் முன் உட்கார்ந்தாள்.

"ஸ்டேஷன்ல கூட்டம். மூட்டை தூக்குதவன் ரெண்டு பேரு. தண்ணிக் கொழாய்ப் பக்கத்துல ஒரு பொம்பள நிக்கா. இடுப்புல ஒரு பிள்ள. பிள்ள அழுவுது. கதாநாயகன் வசனம் பேசுதாம்லா, அப்ப அவ பிள்ள வாயப் பொத்துதா."

"எப்படிப் பொத்துறா?" என்றார் மேடம்.

"உள்ளங்கைய வச்சு, இறுக்கி. பிள்ள காலப் போட்டு உதறுது. வசனம் முடியுத வரைக்கும் கைய எடுக்கவே இல்ல. அவ மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு. கோவமா இருக்கலாம், பயமா இருக்கலாம். எனக்கென்ன தெரியும்?"

"வேற அடையாளம்?"

"கறுப்பு. ஒல்லி. உதட்டக் கடிச்சுக்கிட்டு நிக்கா. தெத்துப்பல்லு."

என் நாக்கு தானாகப் போய் என் தெத்துப்பல்லைத் தொட்டது. ஆல்பத்தில் அம்மாவுக்கு வரிசையான பல். நான் நினைவு வைத்திருக்கும் அம்மாவுக்கும் வரிசையான பல்.

வெளியே வந்து அப்பாவை அழைத்தேன். "அப்பா, அம்மாவுக்குத் தெத்துப்பல் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா," என்றார். "எப்படி மறந்தேன் நான்? சிரிக்கும்போது கைய வெச்சு மறைப்பா. ஆல்பத்துல இல்லாததால மறந்தே போச்சு."

"ஸ்டேஷன்ல நெசமாவே நின்னிருக்காப்பா. நான் அழுதிருக்கேன். என் வாயப் பொத்திப் பிடிச்சிருக்கா."

அவர் மெதுவாகச் சொன்னார். "ஒரு நாள் சாயங்காலம் ஒன்னத் தூக்கிட்டு வந்தா. ஒன் கன்னத்துல வெரல் தடம். என்னன்னு கேட்டேன். எறும்பு கடிச்சுதுன்னு சொன்னா. அன்னிக்கு ராத்திரி சாப்பிடல அவ."

இசைவி வருவதற்கு முன்பே அம்மா அந்தக் காட்சியை மாற்றி எழுதிவிட்டிருக்கிறாள். அழுத குழந்தையைச் சிரிக்க வைத்து, இறுக்கிய கையை எடுத்துவிட்டு, கன்னத்தைக் கிள்ள ஒரு டைரக்டரையும் வரவழைத்து, ஒவ்வொரு வாய் சோற்றோடும் எனக்கு ஊட்டியிருக்கிறாள். எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

குறிப்புதவிப் பட்டியலில் எழுதினேன். 'மழைக்கால அட்டவணை', ரயில் நிலையக் காட்சி, குழாயருகே குழந்தையுடன் நிற்பவர்: மரகதம். சாட்சி கோமதி. நாட்டமின்றிக் கண்டது. மேடம் பெயரைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வை ஒப்படைத்த பிறகு அவரவர் ஆதாரத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ள எங்களுக்கு அனுமதி உண்டு. இன்னாசியோடு நான் சமாதானமாகியிருந்தேன். "எப்பப் பாக்கப் போற?" என்று கேட்டான். எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருந்தேன், இனிமேல் சொல்லலாம்.

"பாக்க மாட்டேன்."

"ஒரு தடவகூடவா?"

"பாத்தா கைய எடுத்துருவா," என்றேன். "எடுக்காம இருந்தாக்கூட, எடுக்கக் கூடாதுன்னு நான் ஆசப்பட்டதால எடுக்காம இருப்பா. அதுவும் கறதான்."

அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் படத்தை இனி யாருக்கும் திரையிடக் கூடாது என்று மேடம் படக் கிடங்குக்கு எழுதியிருக்கிறார். இருட்டில் யாரும் பார்க்காத இடத்தில் என் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். இதைவிட நெருக்கமாக அவளிடம் நான் போக முடியாது.

போன வாரம் ஊருக்குப் போகும் பேருந்தில் ஏதோ ஒரு கல்யாணப் படம் ஓடியது. கூட்டக் காட்சி வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்திருக்கிறது. அன்றைக்கு மறந்துவிட்டேன். பந்தல்காலுக்குப் பக்கத்தில் அம்மா நின்றாள். கறுப்பாக, ஒல்லியாக, தெத்துப்பல்லோடு, இடுப்பில் அழுகிற குழந்தையோடு. இசைவி எல்லாவற்றையும் என் கண்ணிலிருந்து கற்றுக்கொண்டுவிட்டது. குழந்தையின் வாயை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தியிருந்தாள்.

நான் பார்த்ததும் கையை எடுத்தாள்.