குதிரைப் புல் தின்ற ஆட்டுக்குட்டி

எங்கள் மங்கோலியாவில் ஒரு பிள்ளைக்கு முதன்முதலாக முடி வெட்டும் நாளில், உறவினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வெட்டிவிட்டு ஆளுக்கொரு பரிசு தருவார்கள். தெமூலனுக்கு மாமா ஒரு வெள்ளை ஆட்டுக்குட்டி கொடுத்தார். மூன்று வயது தெமூலன் உடனே அதன் காதைக் கடித்தான். அதனால் குட்டியை வளர்க்கும் பொறுப்பு அக்கா நந்தினிடம் வந்தது.

குட்டிக்குச் சகான் என்று பெயர் வைத்தாள். நந்தினுக்குக் குதிரை என்றால் உயிர். அப்பா தன் பந்தயக் குதிரையை ஆற்றோரப் பசும்புல்லில்தான் கட்டுவார். சகானையும் அங்கேயே நீளக் கயிற்றில் கட்டினாள். மற்ற ஆடுகள் மேட்டில் முட்செடிகளுக்கு நடுவே அலைந்தன. 'என் சகானுக்கு மட்டும் ராஜ விருந்து!' அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கோடை முடியும் சமயத்தில் அப்பா சகானின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"எலும்பு கையில குத்துது. மேல்முடிக்கு அடியில பஞ்சு மாதிரி மென்முடி முளைச்சிருக்கணும், ஒண்ணுமே இல்ல. இது குளிரைத் தாங்காதும்மா."

"தாங்காதுன்னா?"

குளிரைத் தாங்காத ஆட்டை முன்கூட்டியே இறைச்சிக்கு அறுத்துவிடுவார்கள். அது நந்தினுக்கும் தெரியும்.

"பனி விழுறதுக்குள்ள தேத்திடுறேன்ப்பா!"

"பாப்போம்."

மறுநாள் இளம்புல்லாகப் பார்த்துப் பறித்து நீட்டினாள். சகான் அதை மோந்துவிட்டு, தெமூலனின் தொப்பியைப் பிடித்து இழுத்தது.

"அக்கா! என்னையத் தின்னுது!"

"உன்னைய இல்லடா, தொப்பியை. ஏய், உனக்கு என்னதான் வேணும்?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. அதுவே காட்டட்டுமே! கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பின்னாலேயே போனாள்.

சகான் நேராக மேட்டில் ஏறியது. பின்னங்கால்களில் நின்று முட்செடியின் நுனி இலைகளைக் கொய்தது. அப்புறம் காட்டு வெங்காயத்தில் ஒரு கடி. அடுத்து, நெடியடிக்கும் சாம்பல் நிறச் செடி ஒன்று. நந்தினும் அதில் ஓர் இலையை மென்று பார்த்தாள்.

"த்தூ! இதையா திங்கிற?"

சகான் சட்டை செய்யவில்லை. தரையோடு கிடந்த புல்லை மட்டும், போனால் போகிறது என்று கடைசியில் தொட்டது.

"குதிரை குனிஞ்சு திங்கும். நீ அண்ணாந்து திங்கிற ஆளா? இத்தனை நாளா உன்னைக் குதிரையாக்கப் பாத்திருக்கேனே!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது.

மேட்டில் ஓநாய் பயம் உண்டு. அதனால் சகானை மந்தையோடு சேர்த்து, தினமும் தானும் கூடவே போனாள். தோழிகள் விளையாடக் கூப்பிட்டபோதும் அசையவில்லை.

முதல் பனி விழுந்த காலையில் அப்பா ஆடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். சகானின் முறை வந்தபோது நந்தின் கிட்டே போய் நின்றாள். அப்பாவின் விரல்கள் முடிக்குள் புதைந்து மறைந்தன.

"எலும்பு எங்க?"

"உள்ளதான் இருக்கும்ப்பா."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "இது குளிரைத் தாண்டிடும். வசந்தத்துல கம்பளிக்கு முடி சீவி எடுக்குறப்ப முதல் சீப்பு இதுக்குத்தான்!"

"என் ஆடு!" என்று கத்தினான் தெமூலன்.

நந்தின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு மந்தையை எந்தப் பக்கம் ஓட்டலாம்? நீ சொல்லு."

"இருங்கப்பா," என்றாள் நந்தின். "சகானைக் கேட்டுச் சொல்றேன்."