வயரின் மறுமுனை

போடிமெட்டைத் தாண்டி ஜீப்பு எஸ்டேட் மண் ரோட்டில் இறங்கியபோது மத்தியானம்தான். ஆனாலும் விளக்கைப் போட்டுத்தான் வர வேண்டியிருந்தது. ஏலச்செடிகளுக்கு நடுவே பனிமூட்டம் அப்படி அப்பிக் கிடந்தது. லேப்டாப் பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தான் யோகராஜ். போடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன்.

ஸ்டோர் வாசலில் சூப்பர்வைசர் பாண்டித்துரை நின்றுகொண்டிருந்தார். ஏலக்காய் காயவைக்கும் கட்டடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பெயர். தாழ்வாரம் முழுக்கப் பச்சைக்காய் மூட்டைகள். ஈரத்தில் லேசாகப் புளித்த வாடை எழ ஆரம்பித்திருந்தது.

"வெரசா பாருங்க தம்பி. அடுப்பு மூட்டியாச்சு, ஆனா ஃபேன் ஓடலை. இன்னைக்குக் காய உள்ள போடலைனா அம்புட்டும் கறுத்துப் போகும். ஒரு சீசன் பூரா மழையில நனைஞ்சு பறிச்ச காயி."

உலர்த்தும் அறையை ஒட்டிய சின்ன அறையில் அந்த மெஷின் இருந்தது. பவர்பிசி என்கிற பழைய ரகக் கம்ப்யூட்டர். உள்ளே சூடு எவ்வளவு என்று பார்த்து, ஃபேனையும் ஆவி போகும் ஜன்னல்களையும் இயக்குவது அதன் வேலை. ஹார்டு டிஸ்க் செத்துவிட்டது. சிடி உள்ளே போகவில்லை. பென்டிரைவை அது கண்டுகொள்ளவே இல்லை. இனி ஒரே வழிதான். வயர் போட்டு, தன் லேப்டாப்பிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை அதற்குள் ஏற்ற வேண்டும்.

நினைவே இல்லாத மெஷின் வயருக்குள் கூப்பிட்டுக் கேட்கும்: நான் யார், என் முகவரி என்ன? மறுமுனையில் இருப்பவர் பதில் சொன்னால், அவர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு எழுந்துவிடும். கொடுப்பது யார் என்று மட்டும் கேட்காது.

மெஷினின் வெள்ளைத் திரையில் கட்டளையைத் தட்டினான். மெஷின் கூப்பிட்டது. பதில் இல்லை. சோர்ந்து நின்றது.

லேப்டாப்பின் ஃபயர்வால் காவலைத் தளர்த்திப் பார்த்தான். வயரை மாற்றிப் பார்த்தான். ஃபைலின் பெயரைச் சுருக்கிப் பார்த்தான். மெஷின் கூப்பிடுவது லேப்டாப் திரையில் வரி வரியாகத் தெரிந்தது. இங்கிருந்து போகும் பதில் மட்டும் அந்தக் கிழட்டு மெஷினின் காதில் விழவில்லை.

"இதை முன்னாடி யாருண்ணே பாத்துக்கிட்டது?"

"முத்துக்கண்ணன்னு ஒருத்தரு. தேவாரத்துக்காரரு."

"அவருக்கு ஒரு போனப் போடுங்களேன். கேட்டுக்கிருவோம்."

பாண்டித்துரை உலர்த்தும் அறையின் கனத்த கதவைப் பார்த்தார்.

"செத்துப் போனாரு தம்பி. உள்ள ஏதோ வயர் சரி பண்ணப் போயிருந்தாரு. வெளித் தாழ்ப்பாள் தானா விழுந்துருச்சு. ஃபேன் சத்தத்துல அவரு தட்டுனது ஒருத்தருக்கும் கேக்கலை. நானும் இந்தத் தாழ்வாரத்துலதான் நின்னேன்."

யோகராஜ் மெஷின் பக்கம் திரும்பினான். குனிந்து மறுபடியும் கட்டளையைத் தட்டினான்.

இந்த முறை பதில் வந்தது.

முகவரி கிடைத்துவிட்டது. ஃபைல் இறங்க ஆரம்பித்தது. "வந்துருச்சுண்ணே!" என்று துள்ளியவன், சிரித்தபடியே லேப்டாப் பக்கம் திரும்பினான்.

லேப்டாப் எதையும் அனுப்பவில்லை.

மெஷின் கூப்பிட்ட வரி இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. இரண்டே மெஷின், நடுவில் ஒரே வயர். வேறு யார் பதில் சொல்ல முடியும்?

வயரை லேப்டாப்பிலிருந்து பிடுங்கினான்.

ஃபைல் இறங்கிக்கொண்டே இருந்தது.

மறுமுனையையும் பிடுங்கினான். வயர் அவன் கையில் தொங்கியது. திரையில் லினக்ஸின் சின்னமான பென்குயின் வந்து உட்கார்ந்தது. எழுத்துகள் ஓடின. சுவருக்கு அப்பால் ஃபேன் உறுமிச் சுழல ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம்.

தட்.

தட் தட்.

கதவை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

"செல்லத்தாயி!" பாண்டித்துரை அலறினார். "காய்த் தட்டு அடுக்க உள்ள போனாளே!"

இருவரும் ஓடினார்கள். தாழ்ப்பாள் விழவில்லை, திறந்துதான் இருந்தது. ஆனாலும் கதவு அசையவில்லை. பிடியைத் தொட்ட உள்ளங்கை பொசுங்கியது. யோகராஜ் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு இழுத்தான். சுவரில் காலை ஊன்றி இழுத்தான். உள்ளே இப்போது இரண்டு கையாலும் அறைகிற சத்தம்.

"மெயினை ஆஃப் பண்ணுங்கண்ணே!"

பாண்டித்துரை மெயினை இறக்கினார். தாழ்வாரத்து பல்பு அணைந்தது. மெஷினின் திரை இருண்டது.

ஃபேன் நிற்கவில்லை.

கோடாலியால் வெட்டினார்கள். ஈரமே படாத பழைய மரம், சிராய் கூட எழும்பவில்லை. உள்ளே தட்டுவது மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஒரு தட்டல். வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு நகத்தால் கதவைப் பிராண்டுகிற சத்தம், மேலிருந்து கீழாக, தரை வரைக்கும்.

பிறகு ஒன்றுமில்லை.

யோகராஜ் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். அழுதவன் விலகி நிமிர்ந்ததும், கதவு தானாகத் திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. காய் பரப்பும் வெறும் தட்டுகள்தான்.

"என்ன சார், ஏன் அழுவுறீக?"

திரும்பினார்கள். தலையில் விறகுக் கட்டோடு முற்றத்தில் நின்றாள் செல்லத்தாய்.

"நீ உள்ளதான இருந்த?" பாண்டித்துரை கோடாலியைக் கீழே போட்டார்.

"வெறகு பத்தலைனு ஷெட்டுக்குப் போனேன். ஏன், உள்ள யாரு இருந்தா?"

மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். வளைவுகளில் இறங்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

காய் முழுக்கக் கறுத்துப் போனது. மெஷினைப் பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள். ஃபேனைக் கழற்றிவிட்டார்கள். பூசாரியைக் கூட்டி வந்து கிடா வெட்டினார்கள். யோகராஜ் உள்ளங்கைக் கட்டோடு கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

ஒரு நாள் காலையில் பாண்டித்துரை போனில் வந்தார்.

"தம்பி, தட்டுறது நிக்கலை."

"கதவைத் தொறந்து போடுங்கண்ணே. வெளிய போகட்டும்."

"அதையும் செஞ்சாச்சு. கீலோட பேத்து, கதவை முத்தத்துல மல்லாக்கப் போட்டுட்டோம். வாசல் தொறந்துதான் கெடக்கு. நான் இப்ப முத்தத்துலதான் நிக்கிறேன். வெறும் மண்ணுல கெடக்குய்யா அந்தக் கதவு. அதுக்கு அடியிலருந்து தட்டுறான். புரட்டிப் பாத்தா மண்ணுதான் இருக்கு. திருப்பிப் போட்டா, மறுபடியும் தட்டுறான்."

யோகராஜ் போனைக் காதோடு அழுத்தினான். மலைக்காற்றின் இரைச்சல். அதற்கு நடுவே, மெதுவாக,

தட்.

தட் தட்.

"நான் என்னதான் தம்பி செய்யட்டும்?" என்றார் பாண்டித்துரை.