அளவு ஜாக்கெட்

“நேத்து சாயங்காலம் நீதான வந்து பிரிச்சு விடச் சொன்ன? இன்னைக்கு எம்மேல பாயுத!” டெய்லர் வெங்கடேஸ்வரியின் குரல் தெருமுனை வரை போனது.

“பிடிக்கத்தான குடுத்தேன்! இம்புட்டு இளைச்சவளுக்குப் பிரிச்சு விட்டா, உள்ள தலகாணியா வைக்க?” ஜூடியும் விடவில்லை.

“பழைய அளவு ஜாக்கெட்டக் கொண்டாந்து, ‘இதே அளவுக்கு வைங்கக்கா’ன்னு கேட்டது பொறவு யாரு, உங்க கோயில் ஃபாதரா?”

ஜூடி தன் கல்யாண ஜாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு எதிரே இருந்த வீட்டுக்கு நடந்தாள். நேற்றுச் சாயங்காலம் அவள் பேண்டேஜ் மில் ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அளவு ஜாக்கெட்டோ பீரோவின் அடித்தட்டில் கிடப்பது.

ஜூடியின் உடம்பு எங்கள் ராஜபாளையம் தெருவுக்குப் பொதுச்சொத்து. இளைத்தால் “சுகரா?” என்போம், பெருத்தால் “பழையபடி ஆயிட்டியே” என்போம். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவளோடு பேச ஆளில்லை; நாங்களும் உடம்பைத் தவிர வேறெதையும் விசாரித்ததில்லை. இரண்டு தடவை பட்டினி கிடந்து குறைத்தாள். இரண்டு தடவையும் வட்டி போட்டுத் திரும்பி வந்தது. இது மூன்றாவது. ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளை ஜெர்வின் பார்த்துச் சம்மதித்தது மெலிந்த ஜூடியை. இனி ஒரு கிலோ ஏறினாலும் போய்விடுவான் என்ற பயத்திலேயே அவள் படுத்து எழுந்தாள்.

கதவைத் திறந்தபோது கரண்ட் இல்லை. நின்றுபோன ஃபேனின் கீழே, மாப்பிள்ளை வீட்டார் கொடுத்து அவள் தொடாமலே வைத்திருந்த பால்கோவாவின் மணமும், அதற்கடியில் தன்னுடைய பழைய பவுடரும் வேர்வையும் கலந்த வாடையும் கனமாக நிற்க, உள்ளறையில் கட்டில் முனகி, யாரோ எழுந்து நடக்கும்போது தொடையோடு தொடை உரசும் மெல்லிய சத்தம், பள்ளிக்கூட நாளிலிருந்து தன் கூடவே வந்த அந்தச் சத்தம், அவளை நோக்கி வந்தது.

பால்கோவா டப்பாவை யாரோ வழித்து நக்கியிருந்தார்கள்.

கையிலிருந்த ஜாக்கெட்டை யாரோ வாங்கினார்கள். சூடான விரல்கள். கொழுத்த விரல்கள்.

போட்டுப் பார்த்தது. ஒரு சுருக்கம் இல்லை.

அவள் முகம். அவளுடைய பழைய கன்னம்.

“ரெண்டு தடவ வெரட்டுன. ரெண்டு தடவையும் ஒன்னத் தேடித்தான் வந்தேன்,” என்றது. “இந்தத் தடவ நீ இரு. நான் போறேன்.”

ஒரே தள்ளு. உள்ளறைக்கு வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. ஜூடி கத்தினாள். சத்தமும் இளைத்திருந்தது.

கல்யாணத்தன்று காலை உள்ளறை ஜன்னலோரம் நின்று எல்லாம் கேட்டாள். “பழையபடி ஆயிட்டியேட்டி!” என்று தெரு சிரித்தது. அழைக்க வந்த ஜெர்வினும் சிரித்தான். “இருக்கட்டும். இப்பத்தான் முகத்துல களை வந்திருக்கு.”

அவள் ஜன்னலைத் தட்டினாள். கார் கிளம்பியது.

ஜூடி இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் நல்லபடியாகக் குடித்தனம் பண்ணுகிறாள். இங்கே வீடு பூட்டிக் கிடக்கிறது. வெங்கடேஸ்வரிதான் யாரிடமும் சொல்லாமல் மெஷினைத் தூக்கிக்கொண்டு தளவாய்புரம் போய்விட்டாள். அவள் கடைக்கு நேர் எதிரே அந்த ஜன்னல். பொழுது சாயும்போது கம்பிகளுக்கு இடையே, கம்பியை விட மெலிந்த ஒரு கை, அந்தப் பழைய அளவு ஜாக்கெட்டை நீட்டிக்கொண்டே இருக்கிறது.

“இன்னுங் கொஞ்சம் பிடிக்கணும், அக்கா.”