அக்குளில் கட்டிய நெறி

இரண்டாவது தடுப்பூசி போட்ட மறுநாள் சாயங்காலம், விளக்கேற்றத் தீப்பெட்டி எடுக்க இடது கையைத் தூக்கியபோதுதான் ஆர்த்திக்கு அது தட்டுப்பட்டது. அக்குளில் நெறி கட்டியிருந்தது, கொட்டைப்பாக்கு அளவுக்கு. முதல் ஊசிக்கும் இப்படித்தான் கட்டியது. "சில பேருக்கு நெறி கட்டும்ங்க. பயப்படாதீங்க, தானா வத்திடும்" என்று நர்ஸ் சொன்னபடியே வற்றியும் போனது. ஆனால் இந்த நெறி விரலுக்கடியில் அசைந்தது.

பௌர்ணமியாகியும் அந்த ஆடியில் கொரோனாவால் கிரிவலத்துக்குத் தடை. அடி அண்ணாமலையில் வீட்டு வாசலை உரசிக்கொண்டு போகும் வெறுங்கால்களின் ஓசையும், கற்பூர வாசனையும், சுண்டல்காரரின் கூவலும் இல்லாமல் பாதை வெறிச்சோடிக் கிடக்க, மலை மட்டும் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. அந்த அமைதியில் தன் மூச்சு ஒரு கணக்கிலும் அக்குளின் ஏற்ற இறக்கம் வேறு கணக்கிலுமாகப் போவது அவளுக்குத் தெரிந்தது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. வைகாசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், தம்பி அருண்பிரசாத் கடைசியாக வாங்கிய அதே மூச்சு.

நர்ஸ் சொன்னதில் முன்பாதியை மட்டும்தான் அவள் தம்பியிடம் சொல்லியிருந்தாள். "நெறி கட்டி கையத் தூக்க முடியலடா. ஊசியும் வேணாம் ஒண்ணும் வேணாம், நீ போட்டுக்காத." அக்கா பேச்சை அவன் தட்டியதேயில்லை. அவன் செத்த பிறகு அம்மாவிடம் வாய் கூசாமல் சொன்னாள்: "ஊசி போட்டுக்கடான்னு எவ்வளவோ சொன்னேம்மா, அவன்தான் கேக்கல." அம்மாவும் நம்பி, போன பிள்ளையைத் தினமும் திட்டித் திட்டி அழுகிறாள். உண்மை தெரிந்தால் அம்மா தன் முகத்தில் விழிப்பாளா? அந்தப் பயத்தில்தான் ஆர்த்தி வாயைத் திறக்கவில்லை.

"இன்னாடி, கையப் புடிச்சிக்கினு நிக்கிற?"

அம்மா தங்கம்மாள்.

"நெறி கட்டிக்கிச்சும்மா. தானா வத்திடும்."

அம்மா கேட்கவில்லை. சுண்ணாம்பும் தேனும் குழைத்துக்கொண்டு வந்தாள்.

"வேணாம்மா."

"காட்டுடி."

விரல் பட்டது. தடவியது. நின்றது.

ஆர்த்தி மூச்சை அடக்கினாள். அக்குளின் மூச்சு அடங்கவில்லை. இழுத்தது. நின்றது. இழுத்தது.

அம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது. பிள்ளை போனதிலிருந்து மலராத முகம்.

"அருணு?"

குனிந்தாள். அக்குளில் காதை வைத்தாள்.

"சொல்லுடா."

கையை இறக்கப் பார்த்தாள் ஆர்த்தி. இறங்கவில்லை. சுண்ணாம்பு எரிந்தது.

"ம்" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "ம்."

மலர்ச்சி போய்விட்டது. காதை எடுக்காமலே, கண்ணை மட்டும் உயர்த்தி மகளைப் பார்த்தாள்.