அறுபதில் வரும் அதிர்வு

சீட் மறுபடியும் பின்னால் போயிருந்தது.

முந்தின நாள் பட்டறையைப் பூட்டும் முன்னால் மெக்கானிக் தன் கையாலேயே அதை முன்னுக்கு இழுத்து, பூட்டு ‘டக்’கென்று விழுந்ததைக் காதால் கேட்டு, சந்தேகத்துக்கு ஒரு தரம் முதுகால் முட்டியும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான். சாவி அவன் பாக்கெட்டை விட்டு எங்கும் போகவில்லை. இப்போது உட்கார்ந்து காலை நீட்டினால் பெடல் எட்டவில்லை. நெட்டையான ஆள் ஒருவர் சாவகாசமாகக் காலை நீட்டி ஓட்டுகிற தூரத்தில் இருந்தது சீட். அவன் மாமனார் நெட்டையானவர்.

“சீட்டுத் தண்டவாளத்துல பல்லு தேஞ்சிருக்கு. வழுக்குது,” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். பட்டறையில் வேறு யாரும் இல்லை. யாரும் கேட்காமலே ஒரு மனுஷன் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அதில் அவனுக்கே நம்பிக்கை இல்லை என்றுதான் அர்த்தம்.

கார் பழைய டீசல் கார், ஆட்டோமேட்டிக் கியர். மாமனார் அதைத் துடைத்த துடைப்பில் பாதியைப் பெற்ற பிள்ளைகள் மேல் காட்டியிருந்தால் குடும்பம் உருப்பட்டிருக்கும். மகள் ஒரு கியர்பாக்ஸ் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு வெளியேறிய நாளிலிருந்து அவனை அவர் மாப்பிள்ளை என்று அழைத்ததில்லை. ‘கிரீஸ்’ என்பார். போனில் மகளிடம், “அந்தக் கிரீஸ் பக்கத்துல இருக்கானா? இருந்தா நல்லாக் கேட்டுக்கச் சொல்லு. ஒரு நாள் உன்ன இந்த வண்டியில ஏத்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகல, நான் உன் அப்பன் இல்ல,” என்பார். சொல்வதற்கு முன்னால் தொண்டையை ஒருமுறை செருமிக்கொள்வார். எப்போதும் கன்னத்தில் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருப்பார்.

ஒரு நாள் நிஜமாகவே கிளம்பிவிட்டார். பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். ஆட்கள் ஓடி வந்து கதவைத் திறந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம். வலது கால் பிரேக்கை அழுத்திய அழுத்தில் விறைத்துப்போய், அதைப் பெடலிலிருந்து எடுக்க இரண்டு பேர் இழுக்கவேண்டியிருந்ததாம். காரியமெல்லாம் முடிந்த பிறகு மச்சினன் காரைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினான். “அப்பா இது அவளுக்குத்தான்னு சொல்லிட்டே இருந்தாரு. எடுத்துக்கங்க,” என்று சாவியை மேஜைமேல் போட்டான். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“வண்டி எப்படி ஓடுது?”

“எங்க அப்பா வண்டிக்கு என்ன குறை? வெண்ணெய் மாதிரி வந்துச்சு.”

மெக்கானிக் எடுத்து ஓட்டியபோது வெண்ணெய் எதுவும் இல்லை. ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்து அறுபதை எட்டியதுமே அடியிலிருந்து ஓர் அதிர்வு கிளம்பியது. ரோட்டின் குறுக்கே வரிவரியாகப் போட்டிருக்கும் சின்னச் சின்ன மேடுகளின் மேல் ஏறி இறங்குவதுபோல், தட தட தட என்று, தரை வழியாகக் காலுக்கு ஏறி, முழங்காலுக்கு ஏறி, கடைசியில் பல்லில் வந்து நின்றது. மச்சினன் முரட்டுத்தனமாக மிதிக்கிற ஆள். அவனுக்கு இது தெரிந்திருக்காது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டான். இந்த வகை அதிர்வு கால் மெத்தென்று இருப்பவனிடம்தான் வரும். கியர்பாக்ஸுக்கு முன்னால் ஓர் உருண்டை இருக்கிறது, கன்வர்ட்டர். அதற்குள் ஒரு கிளட்ச். வேகம் சீரானதும் அது ஒட்டிக்கொள்ளும். ஆயில் கெட்டிருந்தால் ஒட்டாமல் வழுக்கி வழுக்கிப் பிடிக்கும், வண்டி நடுங்கும். அவன் தினம் பார்க்கிற கோளாறு.

ஆயிலை மாற்றினான். ஃபில்டரை மாற்றினான். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினான். டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும், மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கவேண்டும், அதுதான் தொழில். ஒவ்வொரு முறையும் அறுபதில் வந்து தட தட தட. ஏசியைப் போட்டால் லேசாகக் கிராம்பு வாசனை. உள்ளே முழுக்கக் கழுவித் துடைத்தாயிற்று, இன்னும் வாசனை. செத்தும் விடமாட்டேன் என்கிறான் இந்த மனுஷன் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனைவி தினமும் கேட்டாள். அப்பா வண்டியில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கவேண்டும். அவன் தினமும் மறுத்தான். “சரியாகாம நீ ஏறக் கூடாது.” ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவனுக்கு ஒரு கை தேவைப்பட்டது. ஸ்கேனரைச் சொருகி, ஓட்டும்போது வருகிற எண்களை யாராவது படிக்கவேண்டும். விடுமுறை நாள், பட்டறையில் ஆள் இல்லை.

“ரெண்டு ரவுண்டுதான்,” என்றான். “நம்பர மட்டும் படி. அழ ஆரம்பிச்சா இறக்கி விட்டுடுவேன்.”

“உங்களுக்கு அவர் செத்தும் கோவம் போகல,” என்றாள் அவள், பெல்ட்டை மாட்டியபடி.

அவள் கதவைச் சாத்தியதும் நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. பழைய வண்டி, தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி அதற்குக் கிடையாது. வயரிங் கோளாறு, இதையும் பார்க்கவேண்டும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

தூறல் போட்டது. தொழிற்சாலைகளின் பின்பக்கமாகப் போகிற நீளமான ரோடு. ஒரு பக்கம் முழுக்க மதில், மறுபக்கம் முள்வேலி, தூரத்துக்கு ஒன்றாகக் கம்பத்தில் மஞ்சள் விளக்கு. வைப்பர் கண்ணாடியில் இழுபட்டு முனகியது. அவள் கன்னத்தை சீட்டின் தலைப்பக்கம் சாய்த்து மூச்சை இழுத்தாள்.

“அப்பா வாசனை.”

“நம்பர்.”

“நாப்பத்தெட்டு... அம்பத்தி ரெண்டு.” பிறகு, “இப்படியே போய் அந்தப் பிரியுற இடத்துல வலது பக்கம் திரும்பினா எங்க வீடு. சின்ன வயசுல ஸ்கூல் விட்டா இந்த ரோட்லதான் கூட்டிட்டு வருவாரு.”

பிரிகிற இடத்தில் இடது பக்கம் திரும்பினால் இடுகாடு. கிழவரைப் புதைத்த இடம். அவனுக்கு நாக்கு நமைத்தது. “இப்ப உங்கப்பா வீடு வலது பக்கம் இல்லம்மா,” என்றான். “இடது பக்கம்.”

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன கணமே தெரிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்சீட்டுப் பக்கமிருந்து, இல்லை, இன்னும் கிட்டத்திலிருந்து, யாரோ தொண்டையைச் செருமிய சத்தம் கேட்டது.

வைப்பர். வைப்பராகத்தான் இருக்கும்.

அறுபது. தட தட தட தட. இதுவரை இல்லாத மூர்க்கத்துடன் வந்தது. கதவுப் பையில் கிடந்த ஸ்பானர் குதித்தது.

“வழுக்கல் எவ்வளவு? ரெண்டாவது வரி பாரு.”

“சைபர்.”

“சைபரா? நல்லாப் பாரு.”

“கண்ணு தெரியுதுங்க எனக்கு. சைபர்தான். மூணாவது வரிதான் மாறி மாறி வருது. பிரேக் ஆன், ஆஃப், ஆன், ஆஃப்...”

“பிரேக்கா? நான் பிரேக்கத் தொடவே இல்லையே.”

அவனுக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. இதுவா சமாசாரம்! பிரேக்கைத் தொட்டால் கன்வர்ட்டர் கிளட்ச் விட்டுவிடும், எடுத்தால் மறுபடி பிடிக்கும். பிரேக் சுவிட்ச் பழுதாகித் தானாக அடித்துக்கொண்டிருந்தால் வண்டி இப்படித்தான் நடுங்கும். இத்தனை நாள் கியர்பாக்ஸைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான். நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஓட்டத்தில் வலது காலால் ஆக்ஸிலேட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கை இறகு வைப்பதுபோல் தொடவேண்டும்.

இடது காலைக் கொண்டுபோனான்.

பெடல் இருக்கவேண்டிய இடத்தில் பெடல் இல்லை. அதன் மேல் வேறு ஏதோ இருந்தது. உருண்டையாக, தோல் போல. அவன் செருப்பு அதன் மேல் பட்டதும் அது லேசாக அசைந்தது. ஷூவுக்குள் விரலை மடக்கி நிமிர்த்துவது மாதிரி.

காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. மிதியடி சுருண்டுக்கிச்சு.”

மிதியடியை அவன் காலையிலேயே கழற்றி வெளியே போட்டிருந்தான். குனிந்து பார்க்கலாம். பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை, அதுதான் உண்மை. வண்டி தானாகவே வேகம் குறைந்தது. ஓரமாக, மதிலை ஒட்டி, சிமென்ட் விளிம்பின் மேல் இரண்டு சக்கரம் ஏற, அலுங்காமல் நின்றது. அவன் நிறுத்தினானா? நிறுத்தினேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். பார்க்கிங்கில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை முடிந்தமட்டும் இழுத்தான்.

நியாயமாக அங்கேயே அவளையும் இறக்கி, சாவியை உருவிக்கொண்டு, மழையில் நனைந்தாவது நடந்து வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். ஆனால் தொழில்காரன் புத்தி இருக்கிறதே, அது பயத்துக்கும் ஒரு ஸ்பானர் தேடும். அடியில் பிரேக் வயரும் கியர்பாக்ஸ் வயரும் சேர்ந்து போகிற இடத்தில் உரசி ஒன்றோடொன்று பட்டிருக்கும், சூடாக இருக்கும்போது பார்த்தால்தான் தெரியும். கெட்டியாகப் பிடித்துக்கொள்ள அவனுக்கு அந்த ஒரு எண்ணம்தான் இருந்தது. ஓடுகிற வண்டிக்கு அடியில் படுக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், எஞ்சினை அணைக்காமல், டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினான். அவன் பக்கத்துக் கதவு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டுத் திறந்தது.

“எதையும் தொடாத.”

“நான் என்னத்தத் தொடப் போறேன்? சீக்கிரம் வாங்க, குளிருது.”

கதவு அவன் கையை விட்டுத் தானாகச் சாத்திக்கொண்டது.

ஈர ரோட்டில் மல்லாந்து படுத்து, சைலன்சரிலிருந்து சூடு முகத்தில் அடிக்க, உள்ளே நகர்ந்தான். டீசலின் கனத்த உறுமல் நெஞ்செலும்பில் இறங்கியது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வயரை டார்ச் வெளிச்சத்தில் கடைசிவரை தொடர்ந்தான். உரசல் இல்லை. புண் இல்லை. புதிது போல் இருந்தது.

அப்போது பின்பக்கம் ரோடு சிவந்தது.

தலையைத் திருப்பினான். பின்விளக்குகளின் சிவப்பு ஈரத்தில் பரவிக் கிடந்தது. பிரேக் விளக்கு. யாரோ மிதித்திருக்கிறார்கள். சுவிட்ச், என்று நினைத்தான். சுவிட்ச்தான். ஆனால் கண்ணெதிரே பிரேக் குழாய் மெல்ல விம்மியது. சுவிட்ச் குழாயை விம்ம வைக்காது.

“என்னங்க,” என்றாள் மேலிருந்து. அவள் குரல் சின்னப் பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. “நீங்க கீழதானே இருக்கீங்க?”

“ஆமா.”

“அப்ப இந்தப் பெடல யாரு மிதிக்கிறா?”

“இறங்கு,” என்று கத்தினான். “இறங்குடி! இப்பவே!”

“கதவு திறக்கலங்க.”

கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்ன இரும்புக் கை உண்டு. உள்ளே கியர்க் கம்பை நகர்த்தினால் அடியில் இது நகரும். அது நகர்ந்தது. பார்க்கிங்கிலிருந்து ஒரு கட்டம். இன்னொரு கட்டம். நிதானமாக, அவசரமே இல்லாமல், வருஷக்கணக்காக இந்த வண்டியை ஓட்டிய கையின் பழக்கத்தோடு. மூன்றாவது கட்டத்தில், முன்னே ஓடுகிற கியரில், ‘டக்’கென்று உட்கார்ந்தது.

பிறகு ஹேண்ட் பிரேக் கேபிள். அவன் மூக்குக்கு மேலே விறைப்பாக நின்ற கம்பி. ஒரு பல், ஒரு பல்லாகத் தளர்ந்தது.

தொங்கியது.

செருமல். இந்தத் தடவை வைப்பர் இல்லை. நன்றாகக் கேட்டது.

சிவப்பு அணைந்தது.

உருண்டான். சக்கரம் சட்டைக் கையைக் கவ்வி, கிழித்து, விட்டது. எழுந்து ஓடினான். கண்ணாடியில் அவள் இரண்டு உள்ளங்கைகளும் விரிந்து ஒட்டியிருந்தன. வாய் அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. அவளுக்கு அந்தப் பக்கம், ஓட்டுகிற சீட் தண்டவாளத்தின் கடைசிவரை பின்னால் போயிருந்தது. அதில் யாரும் இல்லை. மெத்தை மட்டும் ஒரு நெட்டையான ஆளின் கனத்துக்கு அமுங்கியிருந்தது.

“மாமா!” என்று அலறினான். வாழ்நாளில் அவரை அப்படி அழைத்ததில்லை. “மாமா, வேணாம்! அவள விட்டுருங்க!”

கதவுப் பிடி கையில் வந்தது, நழுவியது. முட்டி தட்டி விழுந்தான். எழுந்தான். வண்டி விலகிப் போயிற்று. நாற்பது இருக்கும். ஐம்பது. எஞ்சின் சத்தத்தை வைத்தே அவனால் வேகத்தைச் சொல்லமுடியும். காது கொடுத்துக் கேட்டான், கேட்காமல் இருக்கமுடியவில்லை.

அறுபது.

அதிர்வு வரவில்லை. துளிகூட. வெண்ணெய் மாதிரி போனது.

அவன் ஓடிக்கொண்டேயிருந்தான். ரோடு பிரிகிற இடம் தெரிந்தது. வலது பக்கம், வலது பக்கம் என்று மூச்சுக்கு மூச்சு முனகினான். அவள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகட்டும், அங்கேயே வைத்துக்கொள்ளட்டும், திரும்ப அனுப்பாவிட்டாலும் போகட்டும்.

பின்கண்ணாடிக்குள் அவள் தலை தெரிந்தது. பக்கத்தில், ஓட்டுகிற பக்கம், ஒன்றும் தெரியவில்லை. வளைவு வந்தும் பிரேக் விளக்கு எரியவில்லை. இண்டிகேட்டரின் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது, ஒழுங்காக, முறையாக, சிமிட்டிச் சிமிட்டி.

இடது பக்கம்.