வளையம் போட்ட முட்டை

காலையில் கூண்டுக்குள் மணல் தட்டில் கிடந்த அந்த முட்டையை அவளுடைய காடைகளில் எதுவும் இட்டிருக்க முடியாது.

காடை வளர்ப்பவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு பெட்டையும் ஆயுசு முழுக்க ஒரே மாதிரியான புள்ளிகளைத்தான் போடும். 'மைக்கூடு' இட்டால் ஓட்டில் மை கொட்டியது போல இருக்கும். 'சாம்பலம்மா' இட்டால் சாம்பல் தூவினாற்போல. 'கஞ்சப்பிசினாரி' ஒரு முனையில் மட்டும் நாலு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடும். அவள் பெயர் வைத்ததே அதைப் பார்த்துத்தான். இதில் புள்ளியே இல்லை. அகன்ற முனையைச் சுற்றி மெல்லிய பழுப்பு வளையம், நூல் பிடித்து வரைந்தது போல. எடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. மணலென்றால் உயிரை விடும் காடைகள் எல்லாம் எதிர்மூலையில், வலையோடு வலையாக ஒட்டி, சத்தமில்லாமல் நின்றன.

"நீங்களா கொண்டுவந்து வெச்சீங்க?" என்று கணவனிடம் கேட்டாள்.

அவன் எலக்ட்ரீஷியன்; வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "ஒயர் இழுக்கிறதுதாம்மா நம்ம தொழில். முட்டையெல்லாம் இன்னும் போட ஆரம்பிக்கல."

அவன் சிரித்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வாசலில் அண்ணியின் செருப்பு கிடந்தது. அதன் அடியில் மணல்.

அண்ணி, கணவனின் அக்கா, அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்திருந்தாள். முதல் குழந்தை ஆறாம் மாதமே பிறந்து, தங்காமல் போய்விட்டது. இப்போது வயிற்றில் இருப்பதற்கு ஏழு நடக்கிறது. "இன்னும் ரெண்டு மாசம் உள்ளயே இருந்தாகணும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அண்ணிக்கு ஒரே பாட்டு: குழந்தை வரப்போற வீட்டுல இந்த நாத்தம் எதுக்கு, வித்துத் தொலைங்க. ஒருவேளை அதற்குத்தானோ இந்த விளையாட்டு? இவளைக் கிறுக்கியாக்கிவிட்டால் காடைகளை விற்பது சுலபம். குஞ்சு பொரிக்க வைத்துப் பார்த்தால் அதன் நிறம் காட்டிக்கொடுத்துவிடும், எந்தக் கடையில் வாங்கியதென்று.

முட்டைக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தாள். புது முட்டை விளக்குப் போல ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். இது ஒளிரவில்லை. உள்ளே ஏதோ இருட்டாக நிறைந்திருந்தது.

இன்குபேட்டர் என்பது கணவன் பல்பு மாட்டிக்கொடுத்த தெர்மாகோல் பெட்டி. அதிலிருந்த முட்டைகள் பொரிக்க இன்னும் சில நாள் இருந்தது. நடுவில் வேறு முட்டை வைக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். காடைக் குஞ்சுகள் ஓட்டுக்குள் இருந்தபடியே பேசிக்கொள்ளும். 'டிக், டிக்' என்று ஒன்று ஆரம்பித்தால், பின்தங்கியவை அதைக் கேட்டு அவசரப்படும். எல்லாம் ஒன்றாக வெளியே வரும். அலகு நுனியில் உள்ள குட்டிப் பல்லால் ஓட்டைக் குத்தி, உள்ளேயே மெல்லச் சுழன்று, அகன்ற முனையை வட்டமாக அறுத்து, மூடியைத் தள்ளுவது போலத் தள்ளும். நாள் நிறையாத முட்டை மூத்தவற்றின் பேச்சைக் கேட்டால் அரைகுறையாக வந்து விழும்.

தெரிந்தும் வைத்தாள். இருப்பது ஒரே பெட்டி.

மறுநாள் சாயங்காலம் மழைக்கு முந்தைய புழுக்கத்தில், ஈர இறகும் சூடான தெர்மாகோலும் கலந்த வாடை அறையெங்கும் கனத்துக் கிடக்க, பெட்டிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. டிக். டிக். அவள் காதை வைத்துக் கேட்டாள். வளையம் போட்ட முட்டை. மற்றவை அவசரமாகப் பதில் சொல்லின. ஒவ்வொன்றாக ஓடுகள் விரிந்தன. மஞ்சள் கரு உள்ளிழுபடாத, கண் திறக்காத குஞ்சுகள். ஒன்றுகூட அசையவில்லை.

அது பின்தங்கிய முட்டை இல்லை. கூப்பிடுகிற முட்டை.

"அண்ணி! இங்க வாங்க. இந்த முட்டைய வெச்சது நீங்கதானே? மறைக்காதீங்க, உங்க செருப்புல மணலைப் பார்த்தேன்."

அண்ணி கதவருகிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"தம்பிகிட்ட சொன்னா பயப்படுவான்னு வாயை மூடிட்டு இருந்தேன்" என்றாள். "நேத்து விடியறதுக்கு முன்னாடி நீதான் கூண்டுக்குள்ள உட்கார்ந்திருந்தே. அந்த மணல் தட்டு மேல. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நீ திரும்பவே இல்ல."

"நான் தூங்கிட்டு இருந்தேன்."

"காடைங்க எல்லாம் உன்னையே பார்த்துட்டு நின்னுச்சும்மா."

பெட்டிக்குள் டிக் என்றது. நின்றது. மறுபடி டிக். நின்றது. பதிலுக்குக் காத்திருப்பது போல.

பெட்டியில் பதில் சொல்ல உயிரோடு எதுவும் இல்லை.

டிக்.

அது பெட்டியிலிருந்து வரவில்லை. அண்ணியின் பார்வை கீழே இறங்கியது. இவள் வயிற்றில் நின்றது.

இவள் தன் சட்டையைத் தூக்கினாள். தொப்புளைச் சுற்றி மெல்லிய பழுப்பு வளையம். நூல் பிடித்து வரைந்தது போல. நேற்றுக் குளிக்கும்போது இல்லை.

வளையத்தின் மேல் ஓரிடத்தில் தோல் ஊசிமுனை போல எழும்பியது. அடங்கியது.

பக்கத்தில் எழும்பியது.

அதற்குப் பக்கத்தில்.

கோட்டை விட்டு விலகாமல், மெல்ல, வட்டமாக.