தரகர் கடைக் குரல்பதிவு

உள்ளே வந்த பரமலிங்கம் கதிரையில் உட்காரவில்லை.

"சண்முகநாதன், என்ரை மானம் போட்டுது" என்றார்.

கோப்பாயில் அவர் கலியாணத் தரகர். சண்முகநாதன் கொழும்பில் ஒரு வங்கியின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் இருந்துவிட்டு வந்து, உரும்பிராயில் ஒரு மாடி அறையில் அதே தொழிலைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார். அவருக்கு உதவியாக இருந்தவள் வினோஜா. கணித ஆசிரியையாக இருந்த அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டு, இணையப் பாதுகாப்புப் படித்து, இந்த வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மகள் சம்பளமில்லாத லீவில் நிற்கிறாள் என்றே அவளுடைய தாய் அயலில் சொல்லிவந்தா. அம்மா வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொல்லக்கூடிய மாதிரி ஒரு வெற்றி வினோஜாவுக்கு வேண்டியிருந்தது.

"நிவேதனா எண்டு ஒரு பிள்ளை. முதல் ஒருக்கா கலியாணப் பதிவு எழுத்து நடந்து குழம்பினது" என்று பரமலிங்கம் தொடங்கினார். "தேப்பன் அதை எனக்கு ரெலிபோனிலை சொல்லி, மாப்பிள்ளை பகுதிக்குத் தெரிய வேண்டாம் எண்டவர். நானும் ஓமெண்டனான். ரெலிபோனிலை கதைக்கிறதை நான் மறக்காமல் இருக்கப் பதிஞ்சு வைக்கிறனான்; அந்தக் கதையும் என்ரை கொம்பியூட்டரிலை பதிவாகிக் கிடந்தது. இப்ப அதைக் கனடாவிலை மாப்பிள்ளையின்ரை தாய் கேட்டிட்டா. கலியாணம் நிண்டுபோச்சு."

"கொம்பியூட்டருக்கு இன்ரநெற் இருக்கோ?" என்று சண்முகநாதன் கேட்டார்.

"இல்லை. கள்ளர் உள்ளுக்கை வருவாங்கள் எண்டு குடுக்கேல்லை. இப்ப இடிமின்னல் காலம், கடை பூட்டேக்கை பிளக்கையும் கழட்டிவிடுறது."

மறுநாள் இருவரும் கோப்பாய்க்குப் போனார்கள். தரகர் வீட்டின் முன்னறைதான் கடை. பரமலிங்கம் பிளக்கைக் கொழுவிக் கணினியை இயக்கினார். அவருடைய மனைவி பத்மாசினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவடியில் நின்றா. பக்கத்துக் கோயிலில் மத்தியானப் பூசை மணி கேட்டது. திரையின் மூலையில் மாலை ஆறு தாண்டியிருந்தது. வினோஜாவின் கண் அங்கே நிற்கவில்லை. கணினி தானாக எழுதி வைத்திருக்கும் பதிவுகளைத் தேடுவதிலேயே அவள் ஆவலாக இருந்தாள்.

சண்முகநாதன் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, பக்கத்து மருந்துக்கடைப் பக்கம் போனார்.

அவர் போன கையோடு வினோஜாவுக்கு வேண்டியது கிடைத்தது. வியாழன் மாலை ஒரு பென் ட்ரைவ் செருகப்பட்டு, அந்தக் குரல்பதிவு அதற்கு மாற்றப்பட்டிருந்தது.

"வியாழன் பின்னேரம் ஆர் கடையிலை நிண்டது?"

"நான் வவுனியாவுக்குப் போட்டன், சனிக்கிழமைதான் திரும்பினனான். கடையிலை வேலைக்கு நிக்கிற ஆரபி தனியத்தான் நிண்டவள். வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு, கடை திறக்கேல்லை" என்றார் பரமலிங்கம்.

ஆரபியைக் கூப்பிட்டார்கள். பின்பக்கத்திலிருந்து வந்த பெண்ணைக் கண்டதும் வினோஜா திடுக்கிட்டாள். தன்னிடம் கணிதம் படித்தவள். ஆரபியின் முகம் மலர்ந்தது.

"ரீச்சர்! நீங்களே?"

பழைய மாணவி என்று தயங்கினால் இந்தத் தொழிலுக்குத் தகுதியில்லாதவள் ஆகிவிடுவேன் என்று வினோஜா நினைத்தாள். பொருத்தம் பார்க்க வந்து நீள வாங்கிலில் இருந்தவர்களும் கேட்கும்படி, உரத்தே சொன்னாள்: "அந்தப் பதிவை எடுத்தது நீர்தான். நேரமும் நாளும் இஞ்சை கிடக்கு."

"ஐயோ ரீச்சர், அண்டைக்குக் கரண்ட் நிண்டிட்டுது. அதோடை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போட்டன். நான் காலமை வந்தா கூட்டிறது, மணியைத் திருத்திறது, சொன்னதை ரைப் பண்ணிறது, அவ்வளவுதான்…"

"கொம்பியூட்டர் பொய் சொல்லாது, ஆரபி."

வாங்கிலில் இருந்த மனிசி ஒருத்தி நாக்கைச் சப்புக்கொட்டினாள். ஆரபி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

திரும்பி வந்த சண்முகநாதனிடம் வினோஜா எல்லாவற்றையும் பெருமையோடு ஒப்புவித்தாள். அவர் அதற்குப் பாராட்டவும் இல்லை, ஏசவும் இல்லை. "ஆரபி சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் திருப்பிச் சொல்லும்" என்றார். அவள் சொல்லச் சொல்ல அவருடைய முகம் இறுகியது.

"அண்ணை, கடையைப் பூட்டுங்கோ. வீட்டுக்காரர் மட்டும் இருந்தாக் காணும்" என்றார். வாங்கிலில் இருந்தவர்கள் போனதும் வினோஜாவிடம் திரும்பினார். "இப்ப நேரம் என்ன, பிள்ளை?"

வினோஜா தன் கைபேசியைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். ஒன்று மத்தியானத்தைக் காட்டியது, மற்றது மாலையை.

"உள்ளுக்கை இருக்கிற சின்ன பற்றரி செத்துப்போச்சு" என்றார் சண்முகநாதன். "பிளக்கைக் கழட்டினா இதின்ரை மணிக்கூடு நிண்டிடும். திருப்பிக் கொழுவினா, நிண்ட இடத்திலையிருந்து ஓடும். இன்ரநெற் இல்லாதபடியால் தானாத் திருந்தாது. ஆரபி காலமையிலை திருத்திறன் எண்ட மணி சுவரிலை இருக்கிறதில்லை, இதுதான். இண்டைக்குக் கொம்பியூட்டரைப் போட்டது பரமலிங்கத்தார். அவர் திருத்தேல்லை. அதாலை இது இன்னும் நேற்றுப் பின்னேரத்திலை நிக்குது."

"அப்ப அந்த வியாழக்கிழமை…" என்றாள் வினோஜா.

"மணி பிழைச்சதைக் கண்டுதான் மருந்துக்கடையிலை கரண்ட் எப்பெப்ப நிண்டதெண்டு கேட்டனான். அண்டைக்குப் பின்னேரம் நிண்ட கரண்ட் விடியும்வரை வரேல்லை. மருந்துக்கடைக்காரர் ஊசிமருந்துகளை ஐஸ் பெட்டிக்கை வைச்சுக் காப்பாற்றினவராம். பதிவு எடுத்ததா இஞ்சை காட்டுறது கரண்ட் நிண்டதுக்குப் பிந்தின நேரம்; கரண்ட் இல்லாத நேரத்திலை பென் ட்ரைவ் எப்பிடி வேலை செய்யும்? எடுத்தது வெள்ளிக்கிழமை. ஆரபி வராத நாள். மணியைத் திருத்த வேணும் எண்டு தெரியாத ஓராள் கொம்பியூட்டரைப் போட்டிருக்கிறார். கடைப் பூட்டின்ரை திறப்பு வீட்டிலைதான் இருந்தது."

பரமலிங்கம் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நான்தான்" என்றா பத்மாசினி. "அந்தப் பிள்ளை நிவேதனா என்னட்டை வந்து அழுதது. மறைச்சுக் கட்டிப்போட்டுக் காலம் முழுக்கப் பயந்து சீவிக்க ஏலாது அன்ரி, அவருக்கு ஆரும் சொல்லுங்கோ எண்டது. எங்கடை தங்கச்சியையும் உப்பிடித்தானே ஒரு விசயத்தை மறைச்சு நீங்கள் கட்டிக்குடுத்தனீங்கள்? அவள் திரும்பி வந்த கோலத்தைப் பாத்தனான். நான் மாப்பிள்ளைக்குத்தான் அனுப்பினனான். தாய்க்குப் போகுமெண்டு நினைக்கேல்லை." பிறகு தரையைப் பார்த்தபடி, "ஆனா ஆரபியைப் பேசேக்கை நான் கதவடியிலை நிண்டுகொண்டே இருந்தன். வாய் வரேல்லை" என்றா.

பரமலிங்கம் தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

வாசலுக்கு வந்ததும் வினோஜா கேட்டாள். "சேர், நான் திரும்பிப் படிப்பிக்கப் போகட்டோ?"

"அதை ஆறுதலா யோசியும். அந்தப் பிள்ளையின்ரை வீடு புத்தூரிலை. இப்பவே போம்" என்றார் அவர்.

கோப்பாயிலிருந்து புத்தூர் வரை ஸ்கூட்டரில் போகும்போது, தான் சொல்லப்போவதை அவள் பல தடவை மாற்றி மாற்றி யோசித்தாள். எல்லாமே தன்னைக் காப்பாற்றும் வசனங்களாகவே வந்தன.

வாழைத்தோட்டத்தை ஒட்டிய வீடு. செய்தி அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. தாய் தலைவாசலில் இருந்து அழ, அயல் பெண்கள் சுற்றி நின்றார்கள். உள்ளே வரச்சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை. வேலிப் படலைக்கு வெளியே நின்றபடி வினோஜா, கடையில் பேசிய அதே உரத்த குரலை வரவழைத்தாள்.

"ஆரபி ஒண்டும் எடுக்கேல்லை. பிழை விட்டது நான். வடிவாப் பாக்காமல், எல்லாருக்கும் முன்னாலை அவவின்ரை பேரைச் சொல்லிப்போட்டன். அதுதான் இஞ்சையும் எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன். என்னை மன்னிக்க வேணும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆரபி உள்ளிருந்து வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"கணக்குக்கு விடை வந்தாலும் செய்கையைத் திருப்பிப் பார் எண்டு நீங்கள்தானே ரீச்சர் எங்களுக்குச் சொல்லித் தந்தனீங்கள்?"

"ஓம்."

"நாங்கள் அப்பிடிச் செய்யாட்டி எழுப்பி நிக்கவைப்பியள்."

வினோஜா தலையாட்டினாள். ஆரபி உள்ளே போகவில்லை. படலையின் அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் வினோஜாவுமாக, அயல் முழுவதும் பார்த்திருக்க, இருவரும் அப்படியே நின்றார்கள். ஆரபி போகச் சொல்லும்வரை அங்கே நிற்பதென்று வினோஜா முடிவுசெய்தாள்.